மலையகக் குளிரில் ஓவர்கிளொக்: டெம்பரேச்சரை நம்பி வோல்டேஜை ஏற்றாதீர்கள்

ஒரே வேஃபரில் (சிலிக்கன் தட்டில்) வெட்டியெடுத்த சில்லுகள்கூட ஒரே அளவு திறமானவை அல்ல. அவற்றுள் பலவீனமானதும் வருடக்கணக்கில் பிழையில்லாமல் ஓடக்கூடிய வேகத்தைத்தான் கம்பனி பெட்டியில் அச்சிடுகிறது. நம் கையில் இருக்கும் சில்லில் அதற்கு மேல் எவ்வளவு மிச்சம் என்று தேடுவதுதான் ஓவர்கிளொக். 1998இல் வந்த இன்டெல் புரொசசரான செலரோன் 300ஏயில் பஸ் வேகத்தை (புரொசசர் வேகத்துக்கு அடிப்படையான துடிப்பை) 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றினாலே போதும், 300 மெகாஹேர்ட்ஸ் சில்லு 450இல் ஓடியது. அந்த ஆசை இன்னும் விட்டபாடில்லை.

புதிய புரொசசர்கள் தாமாகவே எல்லைவரை வேகத்தைக் கூட்டிக்கொள்வதால் (பூஸ்ட்) கையால் கூட்டிக் கிடைப்பது கொஞ்சம்தான். செகண்ட்ஹேண்டில் வாங்கிய பழைய சில்லில்தான் பலன். ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் 5 1600 எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது 3.4 கிகாஹேர்ட்ஸில் நிற்கும். அதை 3.8க்குக் கொண்டுபோனால் வீடியோ ரெண்டரில் ஏறக்குறைய 10 வீத நேரம் மிச்சமாகும். மதர்போர்டின் சிப்செட் பி350, பி450 போல இருக்க வேண்டும்; ஏ320இல் மல்டிபிளையரை (100 மெகாஹேர்ட்ஸை எத்தனையால் பெருக்குவது என்ற எண்ணை) மாற்ற முடியாது.

பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் செட்டிங் திரையில்) மல்டிபிளையர் 36, அதாவது 3.6 கிகாஹேர்ட்ஸ், வோல்டேஜ் 1.25 என்று தொடங்குங்கள். ரேமை இப்போதைக்குத் தொட வேண்டாம். புரொசசரையும் ரேமையும் சேர்த்து மாற்றினால் எது பிழை என்று பிடிபடாது. சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் பத்து நிமிடம் பிழையில்லாமல் ஓடினால் மல்டிபிளையரை 0.25 கூட்டுங்கள். நீலத்திரை வந்தாலோ ரீஸ்டார்ட் ஆனாலோ 0.0125 வோல்ட் ஏற்றிப் பாருங்கள்.

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். இரவுக் குளிரில் 1.45 வோல்ட்டிலும் டெம்பரேச்சர் 70 பாகை செல்சியஸைத் தாண்டாது; இன்னும் ஏற்றலாம் என்று கை பரபரக்கும். ஏற்றாதீர்கள். சில்லைத் தேய்ப்பது சூடு மட்டுமல்ல. வோல்டேஜும் கரண்டும் கூடும்போது உள்ளே இருக்கும் நுண்ணிய உலோகப் பாதைகளும் காப்புப் படலமும் மெல்ல மெல்லக் கெடும். மாதக்கணக்கில் ஓடிய செட்டிங் திடீரென்று கூடுதல் வோல்டேஜ் கேட்டால், தேய்மானம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் தலைமுறை ரைசனுக்கு நாளாந்தப் பாவனைக்கு ஏஎம்டி சொன்னதே 1.35 வோல்ட்தான். அதில் பிடிவாதமாக நில்லுங்கள். வேலைப்பளுவில் வோல்டேஜ் சரியாமல் பிடிக்கும் லோட் லைன் செட்டிங்கையும் உச்சத்தில் வைக்க வேண்டாம். லோட் சட்டென்று குறையும் கணத்தில் வோல்டேஜ் எகிறும்.

சூடும் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது: 1.2இலிருந்து 1.4க்குப் போனால், அதே வேகத்திலேயே சுமார் 36 வீதம் கூடுதல். அதோடு நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு; ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்றின் நிறை குறைவு. கொழும்பு வெக்கையோடு பார்க்கும்போது நமக்கு லாபம்தான், ஆனால் வெப்பநிலை வித்தியாசம் முழுவதும் கைக்கு வராது.

கடைசிப் பரிசோதனையை ஜனவரி இரவில் செய்துவிட்டு நம்பியிருக்க வேண்டாம். ஏப்ரல் பகலில், ஜன்னலைச் சாத்தி, புரொசசரை முழுமூச்சாக வேலைவாங்கும் பிரைம்95ஐ ஒரு மணிநேரமாவது ஓடவிடுங்கள். கணினியின் அளவீடுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வீயா பிழை (WHEA, விண்டோஸ் பதியும் வன்பொருள் பிழை) ஒன்று பதிவானாலும் அந்த செட்டிங் தேறவில்லை, மல்டிபிளையரை 0.5 இறக்குங்கள். மின்னல் காலத்திலும் கரண்ட் அடிக்கடி போய் வரும் நாட்களிலும் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

திரையே வராவிட்டால் பதறத் தேவையில்லை. பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கி, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பற்றரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வைத்தால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.