தொலைக்காட்சியின் முதுகுப் பக்கம்

புதிய 4கே தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டுவதற்கு முன் அதன் முதுகைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மாட்டிவிட்டால் அங்கே கை நுழையாது. படமும் ஒலியும் ஒரே கம்பியில் போகும் எச்டிஎம்ஐ துளைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் அருகில் மட்டும் ‘ஏஆர்சி’ என்று எழுதியிருந்தது. சவுண்ட்பார் என்னும் நீள ஒலிபெருக்கியின் கம்பியை அதில்தான் செருக வேண்டும். மற்றவை படத்தையும் ஒலியையும் உள்ளே வாங்குவதோடு சரி; இது ஒலியை வெளியேயும் அனுப்பும். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 பதிப்பிலிருந்தே உள்ள வசதி இது. கடைக்காரர்கள் ஏனோ சொல்வதே இல்லை.

“4கே என்றாய், செய்தி வாசிப்பவர் முகம் மங்கலாகத்தானே இருக்கிறது?” என்றார் அப்பா.

பழைய செட்டாப் பாக்ஸ் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைக் கம்பியில் இணைந்திருந்தது. திரையில் 3840க்கு 2160 புள்ளிகள் இருந்தாலும், அந்த மஞ்சள் முனை வழியே வருவது அதிகபட்சம் 720க்கு 576தான். மீதியைத் தொலைக்காட்சி ஊகித்து நிரப்புகிறது. எச்டி பாக்ஸ் வாங்கினால் தெளியும் என்றேன். மாதக் கட்டணம் கேட்டுவிட்டு, மங்கலே போதும் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் இருப்பது கடலூர் தேவனாம்பட்டினம். உப்புக்காற்று உலோகத்தை விட்டுவைக்காது. வெறும் துளைகளுக்கெல்லாம் ரப்பர் மூடி போட்டிருக்கிறேன்.