சம்பளம் குறைவா? எஃப்டி கார்டில் தொடங்குங்கள்

வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டில் வேலை, கையில் வருவது 14,000 ரூபாய். சாதாரண கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் நிராகரிப்புதான். ஒன்று போனால் இன்னொன்று என்று நாலு வங்கியில் தட்டாதீர்கள். ஒவ்வொரு விசாரிப்பும் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் பதிவாகும்.

சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலேயே 15,000 ரூபாய் எஃப்டி (நிரந்தர வைப்பு) போட்டு, அதை ஈடாக வைத்து ஆயுள் முழுக்க ஆண்டுக் கட்டணமில்லாத கார்டு கேளுங்கள். எஃப்டி தொகையில் 80% என்றால் கார்டின் செலவு லிமிட் 12,000. எஃப்டிக்கு வட்டியும் வரும். ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி, தங்குவது கேரளத்தில் என்றால் கார்டு எங்கே வரும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

பெட்ரோல் கார்டு என்று ஆசை காட்டுவார்கள். மாதம் 1,500 ரூபாய்க்கு அடிப்பவருக்கு 1% சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) தள்ளுபடி வெறும் 15 ரூபாய்!

மாட்டிக்கொள்ளும் இடம் 'மினிமம் டியூ', அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை. பில் 4,000, கட்டியது 200. மீதி 3,800-க்கு மாதம் 3.5% வட்டி 133, அதன்மேல் 18% ஜிஎஸ்டி 24. அதைவிட மோசம், புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். முழுத் தொகைக்கு ஆட்டோ டெபிட் போடுங்கள். சம்பளம் 7-ம் தேதி என்றால் கெடு தேதியை 10-க்கு மேல் வரும்படி மாற்றச் சொல்லுங்கள். ஏடிஎம்மில் மட்டும் இந்தக் கார்டைச் சொருகாதீர்கள். எடுத்த நாளே கட்டணம், வட்டி இரண்டும்.