நடத்துநர் இல்லாத ஒளிக் கச்சேரி

மலேசியாவின் கோல சிலாங்கூருக்கு அருகிலுள்ள கம்போங் குவாந்தானில், ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் கூடும் ஆண் மின்மினிகள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஒன்றுசேர்ந்து ஒளிர்கின்றன. அவற்றுக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் தலைமைப் பூச்சி என்று எதுவும் கிடையாது. இந்த ஒழுங்கை நம்ப மறுத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். 1917ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழுக்கு எழுதிய ஃபிலிப் லாரண்ட் என்பவர், பூச்சிகள் ஒருசேர மின்னவில்லை, பார்ப்பவரின் இமைதான் துடிக்கிறது என்று விளக்கம் சொல்லியிருக்கிறார்!

இந்த மரத்தை எல்இடி விளக்குகளால் கோலாலம்பூரில் ஓர் இருண்ட அறைக்குள் எழுப்பும் வேலையில் நானும் என் அக்காள் மகனும் இறங்கியிருக்கிறோம். “மாமா, எல்லாத்தையும் ஒரே நேரத்துல எரிய விட்டா நிரல் நாலு வரியில முடிஞ்சிடுமே” என்றான் அவன். முடிந்துவிடும், ஆனால் அது தீபாவளிக்கு வாசலில் தொங்கவிடும் சீரியல் விளக்காகத்தான் இருக்கும். இயற்கையின் தோற்றத்தைப் பதிவு செய்து திரும்ப ஓட்டுவதைவிட, அந்தத் தோற்றத்தை உண்டாக்கும் விதியை நிரலாக எழுதி, விளைவை விளக்குகளிடமே விட்டுவிடுவதுதான் இந்தக் கலைக்குரிய வழி என்பது என் கருத்து.

விதி எளியது. 1975இல் கணித அறிஞர் சார்ல்ஸ் பெஸ்கின் இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் உயிரணுக்களுக்காக எழுதிய கணித மாதிரியிலிருந்து அது வளர்ந்தது. ஒவ்வொரு விளக்கும் தனக்குள் ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. அந்த எண் பூச்சியத்திலிருந்து முதலில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் ஏறி, 1 என்ற அளவைத் தொட்டதும் விளக்கு மின்னுகிறது, எண் மீண்டும் பூச்சியத்துக்கு இறங்குகிறது. வேறொரு விளக்கு மின்னுவதைக் கண்டால் தன் எண்ணைச் சிறிதளவு உயர்த்திக்கொள்கிறது. ஏற்றம் முடிவில் மெதுவாக இருப்பதால், மின்னும் நிலையை நெருங்கிவிட்ட விளக்குக்கு அதே சிறிய உந்துதல் அதிக நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அதனால் பின்தங்கியவை முந்தியவற்றோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒரே மாதிரியான விளக்குகள் அனைத்தும் ஒன்றையொன்று காணுமானால், எந்தத் தாறுமாறான தொடக்கத்திலிருந்தும் ஏறக்குறைய எப்போதும் அவை ஒருமித்துவிடும் என்று கணித அறிஞர்களான ரெனாட்டோ மிரோலோவும் ஸ்டீவன் ஸ்ட்ரோகட்ஸும் 1990இல் நிறுவினார்கள்.

கலைஞருக்கு வேலை அந்தத் தேற்றத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. உந்துதல் பலமாக இருந்தால் அறைக்குள் வருபவர் கண் பழகுவதற்குள் எல்லாம் ஒன்றாகிவிடும். பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு விளக்கின் பார்வையையும் அதன் அருகிலுள்ள விளக்குகளோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றின் இயல்பான வேகத்திலும் சிறு வேறுபாட்டைக் கலந்தால், ஒரு கிளையில் ஒழுங்கு பிறந்து, அலையாக அடுத்த கிளைக்கு ஓடி, இடையில் கலைந்து, மறுபடியும் கூடுகிறது. நான் தேடுவது இந்தத் தடுமாற்றத்தைத்தான்.

பொருள்களைப் பொறுத்தவரை, கோலாலம்பூரின் ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும், ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே இயக்கக்கூடிய டபிள்யூஎஸ்2812பி வகை விளக்குப் பட்டையே போதும். ஒரு விளக்குக்குரிய 24 பிட் தகவல் சென்று சேர 30 மைக்ரோ நொடி ஆகிறது. 300 விளக்குகளுக்கு 9 மில்லி நொடி. மின்மினியின் வேகத்துக்கு இது தாராளம். உண்மையான சிக்கல் விளக்கு மங்கி அணைவதில் இருக்கிறது. நம் கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. நிரலில் சீராகக் குறைத்தால் விளக்கு நெடுநேரம் பிரகாசமாகவே இருந்து கடைசியில் சட்டென்று விழுவதாகத் தோன்றும். ஆகவே அளவுகளைக் கண்ணுக்கேற்ப வளைத்துத் திருத்த வேண்டும். அப்படித் திருத்தினாலும், ஒளியின் அளவில் 256 படிகள் மட்டுமே இருப்பதால், அணையும் தறுவாயில் படிக்கட்டு தெரிகிறது. அடுத்தடுத்த இரு படிகளை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டித்தான் அதை மறைக்கிறோம். நிறத்துக்குப் பச்சை மேலோங்க வேண்டும், சிவப்பு ஓரளவு, நீலம் அறவே கூடாது.

இத்தகைய மரத்தை ஆற்றங்கரையிலேயே வைக்கலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அதற்கு நான் உடன்படமாட்டேன். மின்மினிகளின் காதல் மொழியே ஒளிதான். அயல் வெளிச்சம் அதைக் குலைக்கிறது. அவற்றின் புழுக்கள் நத்தைகளை உண்டு வளரும் கரையோர ஈரநிலம், செம்பனைக்காகவும் கட்டடங்களுக்காகவும் அழிக்கப்படும் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. செயற்கை மரம் நகரத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

பார்வையாளர் கையசைத்தால் நிறம் மாறும் விளையாட்டுகளை நாங்கள் சேர்க்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் வைத்திருக்கிறோம்: அறையில் யாராவது கைப்பேசியின் ஃபிளாஷை அடித்தால், ஓர் ஒளி உணரி அதைக் கண்டுகொண்டு, அந்தப் பக்கத்து விளக்குகளின் எண்களையெல்லாம் தாறுமாறாகக் கலைத்துவிடும். தாளம் திரும்பக் கூடும்வரை படம் எடுத்தவரும் மற்றவர்களோடு காத்திருக்க வேண்டியதுதான்.