ஒரு சாண் போயிங்: கட்டுமான நாட்குறிப்பு

மார்ச் 2, 2025, ஞாயிறு

பெட்டி வந்துவிட்டது. போயிங் 737-200 விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், நிஜத்தில் 144-இல் ஒரு பங்கு (1/144) அளவு, பாகங்களை வார்க்கும் அச்சு முற்றிலும் புதியது. பழைய அச்சுக்கே புதுப் படம் ஒட்டி மறுபடி விற்கும் வேலை இல்லை. போர் விமானம் கட்டுகிறவர்களுக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றும். அவர்களுக்குப் புது அச்சு வந்துகொண்டே இருக்கிறது. பயணிகள் விமானம் கட்டும் நம்மைப் போன்றவர்கள்தான் ஒவ்வொன்றுக்கும் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறோம்.

தயாரிப்பாளர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. திட்டுவதும் பாராட்டுவதும் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி மட்டும்.

உள்ளே வெளிர் சாம்பல் பிளாஸ்டிக்கில் பாகங்கள் கோத்த நான்கு சட்டங்கள், கண்ணாடிப் பாகங்களுக்குச் சின்னதாக ஒன்று, டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) தாள் ஒன்று, எட்டுப் பக்கக் குறிப்பேடு. உடலின் ஒரு பாதியை எடுத்து மேஜைமேல் வைத்து விரலை விரித்தேன். சரியாக என் ஒரு சாண்.

சாணை நம்பாமல், துல்லியமாக அளக்கும் காலிப்பரை எடுத்தேன். உடல் நீளம் 205 மி.மீ. 737-200-இன் நீளம் எல்லா இடத்திலும் 30.53 மீட்டர் என்றுதான் இருக்கிறது. 144-ஆல் வகுத்தால் 212. ஏழு மி.மீ. குறைகிறது. நிஜ விமானத்தில் அது ஒரு மீட்டர், ஒரு வரிசை இருக்கையே காணாமல் போன மாதிரி! இத்தனை நாள் காத்திருந்தது இதற்கா? பெட்டியை மூடிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

மார்ச் 3, திங்கள்

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, என் அவசரத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும்.

விமான நிலையங்களைத் திட்டமிடுகிறவர்களுக்காக போயிங் வெளியிடும் ஆவணத்தை இன்று மதியம் எடுத்துப் பார்த்தேன். மூன்று பக்கத் தோற்றமும் அளவுகளோடு இருக்கும். நம் வேலைக்கு அதைவிட நல்ல துணை இல்லை. 30.53 மீட்டர் என்பது மூக்கு நுனியிலிருந்து வாலின் பின்நுனி வரை. பின்னோக்கிச் சரிந்த வால், உடல் முடிந்த பிறகும் நீண்டுகொண்டு போகிறது. உடல் மட்டும் 29.54 மீட்டர். வகுத்தால் 205.1. அச்சு செய்தவர் சரி, நான்தான் தப்பு.

அந்த வெட்கத்தில் மற்றதையும் அளந்தேன். இறக்கை விரிவு 28.35 மீட்டர், அதாவது 197 மி.மீ. இருக்க வேண்டும், ஒட்டாமல் சேர்த்துப் பிடித்ததில் கிட்டத்தட்ட அதுவே வந்தது. உடல் அகலம் 3.76 மீட்டர், 26 மி.மீ. அதுவும் சரி. இந்த அகலம் 707, 727, 737 மூன்றுக்கும் ஒன்றேதான். மேல்பாதி வளைவை போயிங் மாற்றவே இல்லை, கீழ்ப்பாதியின் ஆழம்தான் விமானத்துக்கு விமானம் மாறும். அதனால் 737-இன் குறுக்குவெட்டு முழு வட்டம் அல்ல. மலிவான அச்சுகளில் இதைத்தான் கோட்டை விடுவார்கள், தண்ணீர்க் குழாயில் இறக்கை முளைத்தது போல இருக்கும். இதில் அந்தக் குறை இல்லை.

மார்ச் 5, புதன்

இன்று மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் இருக்கும்.

அளவு சரியாக இருந்தும் முகம் தவறிப்போகும் மாடல்கள் உண்டு. முகத்தை அளக்க காலிப்பரால் ஆகாது. விமானி அறை ஜன்னல்களின் கீழ்க்கோடு எங்கே இறங்குகிறது, அங்கிருந்து மூக்கு எவ்வளவு சீக்கிரம் வளைந்து கீழே போகிறது, இந்த இரண்டும் சேர்ந்துதான் முகம். முன்கண்ணாடிக்கு மேலே புருவம் மாதிரி இருக்கும் சின்ன ஜன்னல்கள் அந்தக் காலத்து 737-க்கு அடையாளம். இதில் விமானி அறையின் மேற்பகுதி முழுவதையும் ஒரே கண்ணாடிப் பாகமாகக் கொடுத்திருக்கிறார்கள், புருவ ஜன்னல்களும் அதிலேயே பதிந்திருக்கின்றன. புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். 737-தான். வேறு எதுவும் அல்ல.

பயணிகள் ஜன்னலுக்கு ஓட்டை கிடையாது, எல்லாம் டெக்காலில். இதைக் குறை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். இந்த அளவில் ஒரு ஜன்னல் இரண்டரை மி.மீ. உயரம்கூட வராது, அதற்குள் கண்ணாடி பொருத்தி, பசை வழிந்து, மங்கி, அப்புறம் அதற்காக அழவேண்டும்.

மார்ச் 8, சனி

உண்மையான குறை இன்று கண்ணில் பட்டது.

எஞ்சின் கூடுகளை மாஸ்கிங் டேப்பால் இறக்கைக்கு அடியில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 737-200-இன் எஞ்சின் கூடு நீளமான சுருட்டு மாதிரி இறக்கையோடு ஒட்டியே இருக்கும். பின்முனையில் த்ரஸ்ட் ரிவர்சர். விமானம் தரையைத் தொட்டதும் இரண்டு கதவுகள் புகைவாய்க்குப் பின்னால் வந்து மூடி, சீறி வரும் காற்றை முன்பக்கம் திருப்பிவிடும். முதலில் வந்த 737-களில் 727 பாணியிலான ரிவர்சர்தான் இருந்தது. அது சரியாகப் பிடிக்கவில்லை, விமானத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்த்தது. அதனால் போயிங் கூட்டைப் பின்னால் நீட்டி, இந்த வெளிக்கதவு வகையைப் பொருத்தியது.

விஷயம் என்னவென்றால், இந்தக் கதவுகள் நேர் மேலும் கீழுமாக இல்லை. செங்குத்திலிருந்து 35 டிகிரி சாய்ந்திருக்கும். மேலே போகும் காற்று உடல் பக்கமாக இறக்கைக்கு மேலேயும், கீழே போகும் காற்று வெளிப்பக்கமாக இறக்கைக்கு அடியிலும் போகவேண்டும் என்பதற்காக அப்படி. ஆக, இடது எஞ்சினும் வலது எஞ்சினும் கண்ணாடியில் பார்ப்பது போல எதிரெதிராகச் சாய்ந்திருக்க வேண்டும்.

பெட்டியில் இருப்பதோ ஒரே பாகம், இரண்டு தடவை. இடது பக்கத்துக்குச் சரி. வலது பக்கத்திலும் அதே திசையில் சாய்கிறது. யாரோ ஒருவர் ஒரு பக்கத்துப் புகைப்படத்தை மட்டும் பார்த்துக் கணினியில் வரைந்து, நகலெடுத்துவிட்டார் போல. நீளத்தை மில்லிமீட்டர் பிசகாமல் கொண்டுவந்தவர்கள் இதில் எப்படிக் கோட்டை விட்டார்கள்?

மார்ச் 9, ஞாயிறு

ரம்பக் கத்தியால் வலது கூட்டின் பின்முனையை வெட்டினேன். 35-ஐயும் 35-ஐயும் கூட்டி 70 டிகிரி திருப்பி ஒட்டவேண்டும். வாய் நல்லவேளை வட்டம், திருப்பினாலும் பொருந்தியது. ரம்பம் தின்ற இடத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்று வைத்து ஈடுகட்டினேன். உப்புத்தாள் போட்டதும் வெட்டிய இடம் தெரியவில்லை. மொத்தம் நாற்பது நிமிடம்.

வால் தரையில் உட்காராமல் இருக்க மூக்கில் எடை: குறிப்பேட்டில் 10 கிராம் என்று போட்டிருக்கிறது. தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளை விமானி அறைக்குப் பின்னால் ஒட்டி, உடலை டேப்பால் சுற்றி, சக்கரங்கள் வரும் இடத்தில் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தேன். வால் மெதுவாகக் கீழே போனது. 15 கிராம் ஆனதும்தான் மூக்கு இறங்கியது. உடலை மூடி ஒட்டியாயிற்று.

மார்ச் 15, சனி

இறக்கை. பொருத்துவதற்கு முளை எதுவும் இல்லை, தட்டையான முகத்தோடு தட்டையான முகம். சாய்வு 6 டிகிரி. அட்டையில் வார்ப்புரு வெட்டி, இறக்கை நுனி வேரைவிட 9 மி.மீ. உயரும்படி முட்டுக் கொடுத்து ஒட்டினேன். இரவு முழுக்க அசையாமல் இருக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

அசைந்திருக்கிறது. இடது பக்கத்தைப் பெயர்த்து மறுபடி ஒட்டினேன். இதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

மார்ச் 22, சனி

டெக்கால் தாளை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சாவின் பழைய நிறம்: மேலே வெள்ளை, ஜன்னல் வழியே நீலப் பட்டை, நீல வாலில் மஞ்சள் வட்டம், அதற்குள் கொக்கு. 737-க்கு முதலில் ஆர்டர் கொடுத்த நிறுவனம் அதுதான், 1965-இல். அது குட்டியான 737-100. தாளில் உள்ள பதிவெண்களில் ஒன்று டி-ஏபிசிஇ. லாண்ட்ஸ்ஹூட் என்ற பெயர் கொண்ட விமானம். 1977 அக்டோபரில் கடத்தப்பட்டு, ஐந்து நாள் அலைக்கழிந்து, சோமாலியாவின் மொகடிஷுவில் பயணிகள் மீட்கப்பட்டார்களே, அதே விமானம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பறந்தது. கடைசியில் பிரேசிலில் ஓய்ந்து கிடந்ததை 2017-இல் ஜெர்மனிக்குப் பிரித்துக் கொண்டுவந்தார்கள்.

இதைத்தான் கட்டப்போகிறேன் என்று முடிவு செய்த பிறகுதான் அடுத்த சிக்கல். அந்த விமானம் பயணிகளுக்கும் சரக்குக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய வகை. முன்பக்கம் இடதுபுறம் பெரிய சரக்குக் கதவு இருக்கும். பெட்டியில் அந்தக் கதவின் கோடே இல்லை. எண்ணைக் கொடுத்தவர்கள் அந்த எண்ணின் விமானத்தைப் பார்க்கவில்லை.

கதவு 3.4 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம். இந்த அளவில் 24-க்கு 15 மி.மீ. தடித்த லேபிள் டேப்பை வளைவில் ஒட்டி, அதை அடிகோலாக வைத்து ஊசிமுனையால் கோடு இழுத்தேன். அழுத்தாமல் பத்துப் பன்னிரண்டு முறை இழுக்கவேண்டும். முதலிலேயே அழுத்தினால் ஊசி தன் இஷ்டத்துக்கு ஓடும். மூன்று பக்கம் நன்றாக வந்தது, நான்காவதில் அவசரப்பட்டேன். வாசல் கதவு வரை ஒரு கீறல். சூப்பர் க்ளூ வைத்து நிரப்பி, தேய்த்து, மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 29, சனி

அடிப்பூச்சாகச் சாம்பல் பிரைமர், அதன்மேல் வெள்ளை. வெள்ளையைப் போல் பொறுமையைச் சோதிக்கும் நிறம் வேறு இல்லை. மெல்லியதாக ஐந்து பூச்சு. நடுவில் ஒரு தூசி உட்கார்ந்தது, காய்ந்த பிறகு தேய்த்து எடுத்தேன்.

ஏப்ரல் 5, சனி

இறக்கை மேல்பரப்பு முடிந்தது. நேற்று இரவும் இன்று காலையும் இதற்கே போயிற்று. போயிங் இறக்கையை முழுக்க ஒரே சாம்பலில் அடித்துவிட்டால் பொம்மை ஆகிவிடும். முன்விளிம்பு வெறும் உலோகம். நடுவில் எரிபொருள் பெட்டி வரும் பகுதிக்குக் கோரோகார்ட் என்ற துருத்தடுப்புப் பூச்சு, உலோகப் பொடி கலந்த அடர்ந்த சாம்பல், வெளிச்சம் பட்டால் லேசாக மின்னும். அதற்குப் பின்னால் போயிங்கின் வழக்கமான வெளிர் சாம்பல். மூன்றையும் டேப் போட்டுப் பிரித்தேன். டேப்பை உரிக்கும்போது மூச்சே விடவில்லை.

நீலப் பட்டை டெக்காலை ஒதுக்கிவிட்டு, அதையும் டேப் போட்டுப் பெயிண்டாகவே அடித்தேன். நீளமான டெக்கால் மூக்கில் வந்து இரண்டு பக்கமும் சேர்ந்த கதையை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வாலில் மஞ்சள் வட்டத்தை வைத்தேன். திருப்தியாக இருந்தது. மகள் பின்னால் வந்து நின்று, "அப்பா, இது மஞ்சளா பச்சையா?" என்றாள்.

பச்சைதான். மஞ்சள் மை மெல்லியது, அடியில் இருக்கும் நீலம் மேலே தெரிகிறது. அச்சடிக்கும்போதே அடியில் ஒரு வெள்ளை வட்டம் போட்டிருக்க வேண்டும். டெக்காலை ஈரம் காய்வதற்குள் தூக்கித் தண்ணீரில் போட்டுக் காப்பாற்றினேன். பழைய தாளில் மிச்சமிருந்த வெள்ளையிலிருந்து அதைவிட மயிரிழை சின்னதாக இரண்டு வட்டம் வெட்டி, முதலில் அவற்றை வைத்து, மேலே மஞ்சள். இப்போது கேட்டால் மஞ்சள் என்றுதான் சொல்வாள். கேட்கவில்லை.

ஜன்னல் டெக்கால்கள் அற்புதம். வெறும் கறுப்புப் புள்ளிகளாக இல்லாமல், ஒவ்வொன்றிலும் சாம்பல் நிழல், உள்ளே பாதி இறக்கிய திரை. மேலே மென்மையாக்கும் திரவம் தடவியதும் பெயிண்டோடு பெயிண்டாகப் படிந்துவிட்டன.

ஏப்ரல் 12, சனி

சக்கரங்களோடு முடிந்தது. 737-இன் பிரதான சக்கரங்களை முழுதாக மூடும் கதவு கிடையாது. மடங்கினால் சக்கரத்தின் வெளிமுகம் வயிற்றோடு சமமாக நிற்கும், ஓரம் சீல் வைத்து அடைபடும். ஆகவே மடங்கியிருந்தால் சக்கரமும், இறங்கி நின்றால் குழியும் வெளியே தெரியும். இந்த அச்சில் குழிக்குள் குழாய்கள்கூட இருக்கின்றன. தலைகீழாகத் திருப்பினால்தான் தெரியும், இருந்தும் செய்திருக்கிறார்கள்.

சரி, வாங்கலாமா? வாங்கலாம். முகம் சரி, குறுக்குவெட்டு சரி, இறக்கை சரி. இவை தவறியிருந்தால் நான் எவ்வளவு உப்புத்தாள் போட்டும் பயன் இருந்திருக்காது. ரிவர்சர் நாற்பது நிமிட வேலை. சரக்குக் கதவு, டி-ஏபிசிஇ கட்டுகிறவர்களுக்கு மட்டும்; கோடு கீறத் தயக்கமாக இருந்தால் தாளில் உள்ள வேறு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பச்சை வட்டத்தை நான் மன்னிக்கவில்லை. முதல் தடவை கட்டுகிற ஒருவர், தன் கையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொள்வார்.

படம் எடுக்கத் திருப்பும்போது வயிற்றடியில் இருந்த ஆன்டெனா ஒடிந்து எங்கோ தெறித்துவிட்டது. மேஜைக்குக் கீழே டார்ச் அடித்துத் தேடினேன். கிடைக்கவில்லை. நாளை பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.