இனிஷியல்

“சார், அவங்க ஒளிஞ்சது ஆம்பளைங்ககிட்ட இருந்து இல்ல. பேங்க்ல வேலை கொடுத்தவங்ககிட்ட இருந்து.”

ஃபோனில் கட்டுரையாளர் இதைச் சொன்னபோது எங்கள் பத்திரிகையின் பக்கங்கள் அச்சுக்குப் போய்விட்டிருந்தன. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சி. எல். மூர் பற்றிய அவருடைய கட்டுரையில் நான் மாற்றியது ஒரே வாக்கியம்தான்.

கேதரீன் லூசில் மூர், இண்டியானாபொலிஸில் ஒரு வங்கியில் செக்ரட்டரி. டைப்பிங் பழக ஏதேதோ அடித்துக்கொண்டிருந்த தாளில், சிவப்பாய் ஓடிவரும் ஓர் உருவம் நடுவில் வந்து விழுந்தது. அதுதான் 1933 நவம்பர் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வந்த ‘ஷாம்ப்ளோ’ என்ற கதை. பொருளாதாரப் பெருமந்தக் காலம், வேறு வரும்படி இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பெயரை இனிஷியலாகச் சுருக்கினார். கட்டுரையில் இப்படித்தான் இருந்தது. நான் கடைசி வரியை அடித்துவிட்டு, ‘பெண் எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்பதால்’ என்று போட்டேன். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்! படிக்கவும் எடுப்பாக இருந்தது.

அந்த இதழில் பெண்கள் முழுப் பெயரோடே எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று கட்டுரையாளர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஆனால் நான் சொன்னது முழுக்கத் தப்பா? 1936-ல் ஹென்றி கட்னர் என்ற எழுத்தாளர் ‘மிஸ்டர் மூர்’ என்று விளித்துத்தான் அவருக்குக் கடிதம் போட்டார். 1940-ல் இருவருக்கும் கல்யாணம். ஒருவர் டைப்ரைட்டரை விட்டு எழுந்தால் மற்றவர் உட்கார்ந்து தொடர்வார். கதை ‘லூயிஸ் பேட்ஜெட்’ என்ற ஆண் பெயரில் வரும். பாராட்டு பெரும்பாலும் கணவருக்குப் போனது. காரணம் எதுவானால் என்ன, விளைவு நான் எழுதியதுதானே?

இந்த வாதத்தை நாலைந்து முறை எனக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நிற்கவில்லை. காரணம் மூருடையது, நான் யார் மாற்ற?

திருத்தம் போடலாம் என்று கட்டுரையாளரிடம் சொன்னேன். “பரவாயில்ல சார்” என்றார். போடவில்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. பழைய கம்பெனியில் இருந்தபோது, மேனேஜருக்குத் தெரியக் கூடாதென்று என் கதைகளை மனைவி பெயரில் அனுப்பியவன் நான். நானே இதைப் புரிந்துகொள்ளவில்லையே என்று அன்று ராத்திரி அவளிடம் புலம்பினேன்.

“அப்ப மட்டும் என்னைக் கேட்டா என் பேரைப் போட்டீங்க?” என்றாள்.