முல்லாவின் ஊர்ப்பக்கம்

ஹார்ஷம் என்ற ஊர்ப்பெயரை, இங்கே வேலை கிடைக்கும்வரை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. மெல்போர்னிலிருந்து அடிலெய்டு போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி, விம்மெரா சமவெளியின் நடுவே இருக்கிறது. என் மனைவி செவிலியர். பெருநகரங்களுக்கு வெளியே உள்ள ஊர்களில்தான் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த விசா எங்களுடையது. நிரந்தர வசிப்புரிமைக்கான வழி அதில் இருந்ததால் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டோம்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வந்த முதல் கோடையில் ஊருக்கு வெளியே ஒரு வயல் ஓரம் வண்டியை நிறுத்தி இறங்கினேன். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் கையை விட்டால் மணிக்கட்டு வரை போனது. மழை பெய்தால் ஊதி மூடிக்கொள்ளும், காய்ந்தால் பிளந்துகொள்ளும் களிமண். நிறம்தான் எங்கள் கரிசலைவிடக் கொஞ்சம் வெளுப்பு. எங்களூரில் உளுந்தும் பருத்தியும் விளையும் இடத்தில் இங்கே கோதுமையும் கனோலாவும் கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பும் விளைகின்றன. அறுவடை முடிந்ததும் லாரி லாரியாகத் துறைமுகத்துக்குப் போகும் அந்தப் பருப்பு, கப்பலேறி இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் வந்து சேர்கிறது. அம்மாவுக்கு போனில் இதைச் சொன்னபோதுதான், நான் எங்கோ கண்காணாத இடத்துக்குப் போய்விட்டேன் என்ற கவலை அவருக்குக் கொஞ்சம் குறைந்தது.

கோயில் என்றால் மெல்போர்ன் போக வேண்டும். மாலை ஆறு மணிக்கே கடைத்தெரு அடங்கிவிடும். பேச்சுத் துணைக்கு ஏங்கிய காலத்தில் எங்களுக்கு ஊரைத் திறந்துவிட்டது கிரிக்கெட். சனிக்கிழமை ஆட்டம், வியாழன் மாலை வலைப்பயிற்சி. சிமெண்ட் தளத்தின்மேல் பச்சை விரிப்பு ஒட்டிய ஆடுகளம், சுற்றிலும் யூகலிப்டஸ் மரங்கள். எங்கள் அணியில் பாதிப்பேர் விவசாயிகள். அறுவடை உச்சத்தில் இருக்கும் நவம்பர், டிசம்பரில் பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. அப்படி ஆள் குறைந்த ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். ஆஃப் ஸ்பின் போடுவேன் என்று தெரிந்ததும் விடவில்லை.

2020 டிசம்பரில் அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட இந்திய அணி, அடுத்து மெல்போர்னில் எழுந்து நின்று வென்றது. 112 ரன் அடித்த அஜிங்க்ய ரஹானேவின் கழுத்தில் ஆட்டநாயகன் பதக்கத்தை அணிவித்தார்கள். ஜானி முல்லா பதக்கம் என்றார்கள். அந்த ஆண்டுதான் முதன்முறையாகக் கொடுக்கிறார்களாம். நான் ரஹானேவைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். அடுத்த பயிற்சியின்போது எங்கள் விக்கெட் கீப்பர், அறுபதை நெருங்கும் கோதுமை விவசாயி, "முல்லா நம்ம பக்கத்து ஆள். ஹாரோவில்தான் கல்லறை இருக்கிறது, ஒன்றே கால் மணி நேரத்தில் போய்விடலாம்" என்றார். பதக்கம் மெல்போர்ன் கிரிக்கெட்டின் சொத்து என்று நினைத்திருந்த எனக்கு, அதன் கதை நான் பருப்பு வயல் பார்க்கும் இதே சாலையில் கிடக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. அதன்பின் தேடித் தேடிப் படித்தேன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு போய் ஆடிய முதல் கிரிக்கெட் அணி 1868இல் இங்கிலாந்துக்குப் போனது. முல்லா உட்பட அதன் ஆட்டக்காரர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். பெரும்பாலோர் விம்மெராவையும் அதன் தெற்குப் பகுதிகளையும் சேர்ந்தவர்கள். வெள்ளையர்களின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து போனது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1878இல்தான். ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலம் பறிபோனபின், அதே பண்ணைகளில் மேய்ப்பர்களாகவும் கம்பளி கத்தரிப்பவர்களாகவும் வேலை செய்த இளைஞர்கள் அவர்கள். பண்ணைக்காரர்களோடு ஆடிப் பழகி, ஈடன்ஹோப்பில் உள்ள வாலஸ் ஏரிக்கரையில் பயிற்சி எடுத்தார்கள். 1866 பாக்சிங் டே (டிசம்பர் 26) அன்று மெல்போர்ன் மைதானத்தில் அவர்கள் ஆடியதைப் பார்க்கப் பத்தாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். அப்போது பயிற்சி அளித்தவர் டாம் வில்ஸ். ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் குயின்ஸ்லாந்தில் அவருடைய தந்தையைப் பூர்வகுடிகள் கொன்றிருந்தார்கள். அதற்குப் பழிவாங்கலாகக் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் அதைவிடப் பல மடங்கு. அந்த மனிதர் எப்படி இவர்களோடு நின்று பந்து போட்டார் என்பதை இன்றுவரை என்னால் முழுதாக விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இங்கிலாந்துப் பயணத்தை எங்கள் மாநிலமான விக்டோரியாவின் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம் எதிர்த்தது. 1867இல் சிட்னி வரை போன முந்தைய பயணம் பணமில்லாமல் நடுவழியில் நின்று, ஆட்டக்காரர்கள் சிலர் நோயில் இறந்திருந்தார்கள். எதிர்ப்புக்கு அது நியாயமான காரணம்தான். ஆனால் போக வேண்டுமா வேண்டாமா என்று அந்த ஆட்டக்காரர்களைக் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. கடைசியில் சார்லஸ் லாரன்ஸ் என்ற ஆங்கிலேயரின் தலைமையில், வண்டியில் தெற்கே கடற்கரைக்குப் போய், குயின்ஸ்கிளிஃப்பிலிருந்து அதிகாரிகளின் கண்ணில் படாமல் கப்பலேறி சிட்னி சேர்ந்தார்கள். 1868 பிப்ரவரி 8ஆம் தேதி அங்கிருந்து பராமட்டா என்ற கம்பளிக் கப்பலில் புறப்பட்டு, மே 13ஆம் தேதி இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்டில் இறங்கினார்கள்.

அங்கே 47 ஆட்டங்கள். வென்றது 14, தோற்றது 14, முடிவில்லாமல் போனது 19. முல்லா ஒருவரே 1,698 ரன்கள் அடித்து 245 விக்கெட் எடுத்தார். ஒரே பயணத்தில்! நான் பந்து போடுகிறவன் என்பதால் அந்த 245 என்ற எண்ணைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. மே முதல் அக்டோபர் வரை, ரயிலில் ஊர் ஊராக அலைந்து, அநேகமாக ஓய்வே இல்லாமல் எடுத்த விக்கெட்டுகள். ஜூன் 12, 13 தேதிகளில் லார்ட்ஸில் எம்.சி.சி. என்ற மேரிலபோன் கிரிக்கெட் கிளப்புக்கு எதிரான ஆட்டத்தில் அவர் 75 அடிக்க, முதல் இன்னிங்ஸில் இவர்களுக்கு 21 ரன் முன்னிலை கிடைத்தது. இரண்டாவது இன்னிங்ஸில் 45 ரன்னுக்கு ஆட்டமிழந்து 55 ரன்னில் தோற்றார்கள். இந்தியா தன் முதல் டெஸ்டை அதே லார்ட்ஸில் ஆடியது 1932இல் என்பதை நினைத்துப் பார்த்தால் இவர்கள் எவ்வளவு முன்னே போனார்கள் என்று புரியும்.

ஆட்டம் முடிந்ததும் இன்னொரு கூத்து நடக்கும். பூமராங் வீச வேண்டும், ஈட்டி எறிய வேண்டும். டிக்-ஏ-டிக் என்று அழைக்கப்பட்டவர் ஒரு கையில் ஒடுங்கிய மரக் கேடயமும் மறு கையில் வளைந்த தடியுமாக நிற்க, பார்வையாளர்கள் சற்றுத் தள்ளி நின்று கிரிக்கெட் பந்துகளை அவர்மேல் எறிவார்கள். அவர்மேல் பந்து பட்டதே அபூர்வம். அந்தத் தடி இன்று லார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காசு கொடுத்து ஒரு மனிதர்மேல் பந்தெறிந்த கூட்டத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. 1864இல் எங்கள் நாட்டிமுக் பக்கம் புதர்க்காட்டில் தொலைந்துபோன மூன்று வெள்ளைக் குழந்தைகளை, ஒன்பது நாட்களுக்குப் பின் தடம் பார்த்து உயிரோடு மீட்டவர்களில் இவரும் ஒருவர் என்கிறார்கள். அவருடைய சொந்தப் பெயர் ஜங்கன்ஜினனுக்.

கிங் கோல் என்று பட்டியலில் எழுதப்பட்ட பிரிபும்யாரிமின், லார்ட்ஸ் ஆட்டம் முடிந்து இரண்டு வாரத்துக்குள், ஜூன் 24 அன்று, காசநோயில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் இறந்தார். அவரைப் புதைத்த கல்லறைத் தோட்டம் இப்போது மீத் கார்டன்ஸ் என்ற பூங்கா. என் சித்தி மகன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறான். நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், 1988இல் அவர் நினைவாக நட்ட யூகலிப்டஸ் மரத்தைப் படமெடுத்து அனுப்பினான். "அண்ணா, இந்த மரத்தடியில் தினமும் நடப்பவர்களுக்குக்கூட இது தெரியவில்லை, நான்தான் இரண்டு பேருக்குச் சொன்னேன்" என்றான்.

திரும்பி வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 1869இல் விக்டோரியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. பூர்வகுடிகள் எங்கே வசிக்க வேண்டும், என்ன வேலை செய்யலாம், கூலியை என்ன செய்வது என்பதையெல்லாம் வாரியம் தீர்மானிக்கலாம் என்றது. இதைப் படித்த இரவு எங்கள் விசாக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். இன்ன பகுதியில்தான் வசிக்க வேண்டும் என்ற வரி அதிலும் இருக்கிறது. ஆனால் அது நாங்கள் கேட்டு வாங்கியது, சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடுவது. கடல் கடந்து லார்ட்ஸில் ஆடிவிட்டு வந்தவர்களுக்குத் தங்கள் பாட்டன் பூமியிலேயே இந்தக் கட்டளை, கேட்காமலே. ஊர்க் கூட்டங்களின் தொடக்கத்தில் இந்த மண்ணின் வோட்ஜோபலுக் முதலான பூர்வகுடிகளின் பெயரைச் சொல்லி மரியாதை செலுத்துவார்கள். அதற்குமுன் சடங்குபோல் கேட்ட அந்த வாக்கியத்தை இப்போது நான் காது கொடுத்துக் கேட்கிறேன்.

பூர்வகுடிகளைக் குடியமர்த்த ஒதுக்கிய இடங்களுக்கு முல்லா போகவில்லை. ஹாரோ வட்டாரத்துப் பண்ணைகளிலேயே வேலை செய்து, உள்ளூர் அணிக்கு ஆடினார். 1879இல் இங்கிலாந்திலிருந்து வந்த லார்ட் ஹாரிஸ் அணிக்கு எதிராக விக்டோரியாவுக்கு ஆடி இரண்டாவது இன்னிங்ஸில் 36 எடுத்தார். வெளியூரில் ஒரு விடுதிக்காரர் குதிரை லாயப் பக்கம் அறை ஒதுக்கியபோது, அதற்கு வெட்டவெளியே மேல் என்று வெளியில் படுத்துக்கொண்டாராம். 1891இல் இறந்தார். ஹாரோ ஓடையும் மேடுமாக அழகான சின்ன ஊர். அவர் பெயரில் மைதானமும் நினைவு மையமும் இருக்கின்றன. கல்லறை முன் நின்றபோது என் மகள், "இவருடைய நிஜப் பெயர் என்ன அப்பா?" என்றாள். உனாரிமின் என்று சொன்னேன். முல்லா என்பது அவர் பிறந்த பண்ணையின் பெயர்.

2021 பாக்சிங் டே டெஸ்டின் மூன்றாம் நாளுக்கு டிக்கெட் எடுத்து, விடியுமுன் கிளம்பிப் போனோம். ஸ்காட் போலாண்ட், மேற்கு விக்டோரியாவின் குலிட்ஜன் குடியைச் சேர்ந்தவர், தன் முதல் டெஸ்டில் 7 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 68க்கு ஆல் அவுட். மதிய உணவுக்கு முன்பே எல்லாம் முடிந்தது. முல்லா பதக்கம் அவருக்குப் போனது. 1868 பயணத்தின் 150ஆம் ஆண்டு நினைவாக 2018இல் இங்கிலாந்து போன பூர்வகுடி அணியிலும் அவர் இருந்தார் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். அவர் மெல்போர்னில் பிறந்து வளர்ந்தவர். நான் முல்லாவைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்து, ஹாரோவுக்கு எந்த வழி என்று விசாரித்தார்.

ஹாரோவில் முல்லா நினைவாக ஆண்டுதோறும் ஒரு ஆட்டம் நடக்கிறது. ஹார்ஷமில் இப்போது எங்களைப்போல் நர்ஸாகவும் மருத்துவராகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. அவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். புளியோதரை என் மனைவி பொறுப்பு. வண்டிக்கு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் நல்லது.