அப்பத்தாவின் வெள்ளைச் சேலையும் ஒன்றரை மதிப்பெண்ணும்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை பெயர் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். இடைப்பட்ட காலத்தில் என் மூளை வளர்ந்துவிடவில்லை. பொது அறிவைப் படித்த விதம்தான் மாறியது. தெருவில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் வாசலில் நின்று சொல்வதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் முறை என்னிடம் இருந்தது ஒரு வரிக் கேள்வி-பதில் புத்தகம், மூன்று தொகுதிகள். பஸ்ஸில், கடை வரிசையில், சோறு வேகிற நேரத்தில் என்று எல்லா நேரமும் அதை உருப்போட்டேன். "எறும்புக் கடி: பார்மிக் அமிலம். புளி: டார்டாரிக் அமிலம். மஞ்சள்: இயற்கை நிறங்காட்டி." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அப்போது ஒரு பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு எழுதினேன். மஞ்சள் தடவிய தாளைச் சோப்புக் கரைசலில் நனைத்தால் எந்த நிறமாக மாறும் என்று ஒரு கேள்வி. நிறங்காட்டி என்றதும் லிட்மஸ் தாள் நினைவுக்கு வந்தது; காரத்தில் நீலம். தயங்காமல் நீலத்தை நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தால் அப்பத்தா துவைகல்லில் குந்தியிருந்தது. வெள்ளைச் சேலையின் ஓரத்தில் மஞ்சள் கறை. சோப்புக் கட்டியை அதன் மேல் இரண்டு இழுப்பு இழுத்ததும், மஞ்சளாக இருந்த இடம் செங்கல் நிறத்துக்குச் சிவந்துவிட்டது. நான் பையைக் கூடக் கழற்றாமல் நின்றேன். இதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலக்கிச் சிவப்பாக்குவதும் நான்தான். சுண்ணாம்பு காரம், சோப்பும் காரம். கை அறிந்ததைத் தலை அறியாமல் போய் ஒன்றரை மதிப்பெண் போயிற்று. இருநூறு கேள்விக்கு முந்நூறு மதிப்பெண் என்பதால் ஒரு கேள்விக்கு ஒன்றரை. அந்த ஒன்றரைக்குள் எத்தனை ஆயிரம் பேர் நிற்பார்கள் என்பது தரவரிசை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"ஏன் அப்பத்தா சிவக்கிறது?" என்றேன்.

"சோப்பு போட்டால் சிவக்கும். அலசி வெயிலில் போட்டால் போய்விடும். இதைக் கேட்கவா காலேஜுக்கு அனுப்பினோம்?" என்றது.

அதில் பாதி விடை இருந்தது. மீதியை எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களில் தேடினேன். மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரம் பட்டால் சிவப்பாகும், எலுமிச்சை பிழிந்தால் திரும்பவும் மஞ்சளாகும். வெயிலில் கறை வெளுப்பதற்குக் காரணம், அந்தக் குர்குமின் ஒளி பட்டுச் சிதைவது. அன்றைக்கு அமிலம், காரம் என்ற பாடம் முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன். புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குடம் ஏன் பளிச்சென்று ஆகிறது, எறும்பு கடித்த இடத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தன. ஆறு மாதமாக மனப்பாடம் செய்த வரிகள் அந்த ஒரு மாலையில்தான் எனக்குச் சொந்தமாயின.

அதற்குப் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, அதுவும் அன்றைக்கு என் கையில் பட்ட பொருளிலிருந்து. இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் விடையும், அது பாடநூலில் எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் வருகிறது என்ற குறிப்பும்.

முதல் வாரத்தில் சிக்கியது சமையல் எரிவாயு சிலிண்டர். அதன் கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கிற இரும்புப் பட்டைகளின் உட்புறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்ததில் பி-27 என்றிருந்தது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். இன்னொரு பட்டையில் காலி சிலிண்டரின் எடை 15.3 கிலோ என்றிருந்தது. உள்ளே வாயு 14.2 கிலோ, ஆகமொத்தம் தராசில் 29.5 காட்ட வேண்டும்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் அது வெறும் துணுக்கு. எரிவாயுவுக்கு ஏன் அந்த நாற்றம் என்று அடுத்த படிக்குப் போனேன். பியூட்டேனுக்கும் புரொப்பேனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி மணமில்லை; கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். கசிந்தால் அது எங்கே போகும்? எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். பஸ்களில் போடுகிற சிஎன்ஜி பெரும்பாலும் மீத்தேன்; அது காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும். சாண எரிவாயுவிலும் முக்கியமாக எரிவது அதே மீத்தேன்தான். இந்தச் சங்கிலியில் ஹைட்ரோகார்பன் பாடம் பாதி முடிந்துவிட்டது. சிலிண்டர் கொண்டுவந்த அண்ணன் மட்டும், தலையைக் கவிழ்த்து அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பஸ் பயணம் இன்னொரு பாடசாலை. திருமங்கலத்திலிருந்து மதுரை நூலகத்துக்குத் தினமும் போய்வந்தேன். மைல்கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை என்பது பலருக்கும் தெரியும். அந்தச் சாலைக்கு ஏன் 44 என்று எண்? பழைய புத்தகங்களில் அதுவே வாரணாசி முதல் கன்னியாகுமரி வரையிலான 7-ஆம் எண் சாலையின் பகுதியாக இருக்கும். 2010-இல் எண்களை மாற்றியபோது ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரை 44 ஆனது. புதிய முறையில் வடக்கு-தெற்காகப் போகிற சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். கிழக்கு-மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை எண். வடக்கிலிருந்து தெற்கே வரவரக் கூடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் பட்டியலை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டேன். சென்னை-தூத்துக்குடிச் சாலை கிழக்கே இருக்கிறது, எண் 32. மேற்குக் கடற்கரைச் சாலை 66. கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டிக்குப் போவது 85, ஒற்றைப்படை. விடை தெரியாத கேள்வியிலும் நான்கில் இரண்டை அடித்துவிட இந்த விதி ஒன்றே உதவும்.

அஞ்சல் குறியீட்டு எண்ணும் அப்படித்தான். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது என்ற தேதியைத் தனியாகப் படித்தால் மறந்துபோகும். உங்கள் வீட்டு முகவரியை எழுதிப் பாருங்கள். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலம். முதல் மூன்று எண்கள் எந்த மாவட்டத்தில் தபால் பிரிக்கப்படும் என்பதைச் சொல்லும், எங்களுக்கு 625. கடைசி மூன்று எண்கள் அஞ்சலகத்தைக் காட்டும். 9-இல் தொடங்கினால் இராணுவ அஞ்சல். ரூபாய் நோட்டை நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை, பையிலிருந்து எடுத்து நீங்களே பாருங்கள்: எந்த நோட்டின் பின்னால் எந்த நினைவுச்சின்னம், மொழிப் பட்டையில் இருக்கிற 15 மொழிகளில் தமிழ் எத்தனையாவது வரி, ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் ரிசர்வ் வங்கி ஆளுநருக்குப் பதிலாக நிதித்துறைச் செயலாளர் ஏன் கையெழுத்திடுகிறார்.

திறனறிவுக் கணக்குக்கும் வீட்டிலேயே சரக்கு இருக்கிறது. அம்மாவின் வளையலில் 916 என்று முத்திரை இருந்தது. 22-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.9166 வரும், 22 காரட் என்பதன் இன்னொரு முகம் அது. 18 காரட்டுக்கு 750. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். ஒரு நாழிகை 24 நிமிடம் என்று அப்பத்தாவுக்கே தெரியும். ஒரு நாளைக்கு அறுபது நாழிகை என்பது அதிலிருந்து தானாக வந்துவிடும்.

நூலகத்தில் என்னோடு படித்த அக்கா ஒருவருக்கு இந்த முறை பிடிக்கவே இல்லை. "விளையாட்டாகப் படித்து விளையாட்டாகவே போகப் போகிறாய்" என்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கொட்டாவி ஏன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது என்று தேடப் போய் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். மூன்று படிக்குள் கேள்வி ஏதாவது பள்ளிப் பாடநூலின் பக்கத்தில் போய் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதித் தேர்வு முடியும்வரை தொடக்கூடாது. குக்கரில் சோறு சீக்கிரம் வேகிறது, ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் நேரமாகிறது என்பது இரண்டே படியில் இறங்கிவிடும். குக்கருக்குள் அழுத்தம் கூடி நீரின் கொதிநிலை 120 டிகிரியை நெருங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. கொட்டாவிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசியலமைப்பு, நவீன வரலாறு, தமிழ்நாட்டு நிர்வாகம் ஆகியவற்றுக்கு அடுப்படி உதவாது. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியலை உட்கார்ந்து வரிவரியாகத்தான் படித்தேன். சுற்றுவழி எதுவும் எனக்கு அகப்படவில்லை.

துணுக்குகளில் என்னை அதிகம் எரிச்சலூட்டியவை, எல்லோரும் சரி என்று நம்புகிற தவறுகள். நம் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று பல புத்தகங்களில் பார்த்தேன். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது மத்திய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. இந்தி தேசிய மொழி என்பதும் அந்த வகைதான். அரசியலமைப்பின் 343-ஆவது பிரிவு சொல்வது ஒன்றியத்தின் ஆட்சி மொழி. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஐன்ஸ்டைனுக்கு 1921-ஆம் ஆண்டின் நோபல் பரிசைத் தந்தபோது குறிப்பிட்ட சாதனை ஒளிமின் விளைவு, சார்பியல் அன்று. தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28 சர் சி. வி. ராமன் பிறந்த நாள் என்று நானே நெடுநாள் நினைத்திருந்தேன். அவர் பிறந்தது 1888 நவம்பர் 7. பிப்ரவரி 28 என்பது 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். இப்படிப்பட்டவற்றுக்கு நோட்டில் சிவப்பு மையில் தனிப் பக்கம் போட்டிருந்தேன். வெளிப்புத்தகமும் பள்ளிப் பாடநூலும் முரண்பட்டால் நான் பாடநூலின் பக்கம் நின்றேன். தேர்வுக்குப் பின் ஆணையம் வெளியிடும் உத்தேச விடைக்கு மறுப்பு அனுப்புவதென்றால் கையில் ஆதாரம் வேண்டும்.

தேர்வறையைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று மணி நேரம், தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. தமிழில் நாற்பது சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் தமிழை முதலில் முடித்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விட்டால்தான் வம்பு. ஆகவே 'விடை தெரியவில்லை' என்கிற ஐந்தாவது வட்டத்தை நான் ஒரு முறைகூடத் தொடவில்லை, தெரியாததற்கும் யோசித்து ஒன்றை நிரப்பினேன். கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணி எழுதுகிற வேலை ஒன்று இருக்கிறது. அதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். முதல் முறை நான் மணி அடிக்கிற நேரத்தில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். கறுப்புப் பந்துமுனைப் பேனா இரண்டு எடுத்துப் போங்கள்.

இரண்டாம் முறை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அப்பத்தா வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

"மஞ்சளைப் பற்றிக் கேட்டார்களா?"

"இல்லை அப்பத்தா."

"சிலிண்டர்?"

"அதுவும் இல்லை."

அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தது. "பிறகு மூன்று மணி நேரம் உட்காரவைத்து என்னத்தைத்தான் கேட்டார்கள்?"